சீனாவில் அடுக்குமாடிக்குள் புகுந்து போகும் ரயில்: நிஜமா? நம்ம மலைக்கு ஒத்துவருமா?

163_படி (குன்னூர்):

எல்லோருக்கும் வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, இதுவரை எதுவும் எழுதியதில்லை. வீட்டில் மூன்று நாளாக நடக்கும் ஒரு சண்டையைத் தீர்த்துவைக்க ஆள் வேண்டும், அதனால் வந்திருக்கிறேன்.

மகள் போனில் ஒரு வீடியோ காட்டினாள். சீனாவில் சோங்கிங் என்று ஓர் ஊராம். மலைச்சரிவில் உயரமான ஓர் அடுக்குமாடி, அதன் வயிற்றில் பெரிய ஓட்டை. ஒரு ரயில் வந்து அந்த ஓட்டைக்குள் சாவகாசமாக நுழைகிறது. மேல்மாடியில் துணி காய்கிறது, ஒரு பால்கனியில் பூந்தொட்டி. என் கொழுந்தனார் பார்த்துவிட்டு, "அண்ணி, இதெல்லாம் கம்ப்யூட்டர்ல பண்றது. ரயில் உள்ள போனா வீடு நிக்குமா?" என்றார். அவர் சீசனில் டாக்சி ஓட்டுபவர். ரயில் என்றாலே அவருக்கு ஆகாது, அது தனிக் கதை. ஒரு கிலோ வர்க்கி பந்தயம்.

பந்தயம் கிடக்கட்டும். அந்த வீடியோவில் ரயிலைவிட அந்தச் சரிவுதான் என் கண்ணில் பட்டது. அப்படியே நம்ம ஊர். வீட்டுக்கு மேல் வீடு, அதற்கு மேல் வீடு, நடுவே படி. எங்கள் வீடு ரோட்டிலிருந்து 163 படி மேலே. எண்ணித்தான் சொல்கிறேன். கேஸ் சிலிண்டர் ரோட்டோடு நின்றுவிடும், மேலே தூக்கிவர ஆளுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். போன வருஷம் மாமியாருக்கு இடுப்பில் அடிபட்டபோது பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கினார்கள். பாதியில் இறக்கிவைத்து, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கி, ஆம்புலன்ஸ் நின்ற இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க அரை மணி நேரம். மழை வேறு. அவ்வளவு வலியிலும் அவர், "பார்த்துடா, அந்தப் படியில பாசி" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எந்தப் படியில் பாசி என்று அவருக்கு மனப்பாடம்.

சீசனில் பஸ் ஸ்டாண்டிலிருந்து மேல் குன்னூர் பெட்போர்டு போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று குன்னூர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நடந்தால் சீக்கிரம் போய்விடலாம், ஆனால் ஏற்றம். அதனால்தான் கேட்கிறேன். அந்த ரயில் நிஜமா? நிஜமென்றால் மேலே இருப்பவர்கள் எப்படித் தூங்குகிறார்கள்? அவ்வளவு செங்குத்தில் ரயில் எப்படி ஏறுகிறது, நம்ம ரயில் மாதிரி பல்சக்கரம் உண்டா? அப்புறம், நம்ம மலைக்கு அப்படி ஒன்று வருமா? சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்.

கேத்தி_கேரட்:

நிஜம்தான். என் மைத்துனன் சீனா டூர் போனபோது அங்கே நின்று போட்டோ எடுத்திருக்கிறான். ஆனால் அது நம்ம ஊருக்கு வந்தால் முதல் நாளே தண்டவாளத்தில் காட்டெருமை நிற்கும். டிரைவர் ஹாரன் அடிப்பார், அது திரும்பிப் பார்க்கும், அவ்வளவுதான் அன்றைய சர்வீஸ்.

மலைவிட்டு_மலை (கோத்தகிரி):

அக்கா, வர்க்கி உங்களுக்குத்தான். 2014 முதல் 2018 பாதி வரை நான் அந்த ஊரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். நீங்கள் பார்த்த ரயிலில் எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கில்லை. சொந்த ஊர் கோத்தகிரி. எங்கள் ஊருக்கு ரயிலே கிடையாது. இங்கே குன்னூருக்கு வந்து ரயிலை வேடிக்கை பார்த்துவிட்டுப் போன பையன், அங்கே போய் ரயிலில் தினமும் வேலைக்குப் போனேன்.

முதலில் பெயர். அவர்கள் வாயில் அது ‘ச்சோங்ச்சிங்’. நான் சோங்சிங் என்றே எழுதுகிறேன். யாங்சி ஆறும் ஜியாலிங் ஆறும் சேரும் முனையில், இரண்டு ஆற்றுக்கும் நடுவில் மீன் முதுகு மாதிரி நீண்டு நிற்கும் பாறை மேடு. அதன் மேலும் சரிவிலும்தான் பழைய நகரம். மலை நகரம் என்றுதான் அவர்களே தங்கள் ஊரைச் சொல்வார்கள். குளிர்காலம் முழுக்க மூடுபனி. போன முதல் வாரம் ஜன்னலைத் திறந்ததும் கோத்தகிரி ஞாபகம் வந்து தொண்டை அடைத்துக்கொண்டது. மே மாதம் வந்ததும் அந்த ஞாபகம் போய்விட்டது, நெருப்பு மாதிரி வெயில்.

நீங்கள் பார்த்த நிலையத்தின் பெயர் லிசிபா. ‘லிசி’ என்றால் பிளம்ஸ். இப்போது சீசனுக்கு ரோட்டோரம் கூறுகட்டி விற்கிறோமே, அதே பழம்தான். அது இரண்டாம் எண் வழித்தடம். 2005 ஜூன் மாதம் முறைப்படி திறந்தார்கள். சீனாவிலேயே நகரப் போக்குவரத்துக்கென்று வந்த முதல் மோனோரயில் அதுதான். கட்டடத்துக்கு 19 மாடி. கீழே 5 மாடி கடைகளும் அலுவலகங்களும், 6 முதல் 8 வரை ரயில் நிலையம், அதற்கு மேல் வீடுகள். 8-ஆம் மாடியில் ரயில் வந்து நிற்கும். இருக்கிற வீட்டைக் குடைந்து ரயில் விட்டார்கள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வழித்தடம் அந்த இடத்தில் சரிவை ஒட்டித்தான் போக முடியும், அதே இடத்தில் கட்டடமும் வர இருந்தது. இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி, ஒரே காலத்தில் சேர்த்துக் கட்டினார்கள்.

வீடு ஏன் ஆடவில்லை என்றால், ரயில் பாதையைத் தாங்கும் தூண்கள் வேறு, கட்டடத்தைத் தாங்கும் தூண்கள் வேறு. ஒன்றையொன்று தொடாது, நடுவே இடைவெளி விட்டிருக்கிறார்கள். ரயில் பாலம் ஒன்று கட்டடத்துக்குள் நுழைந்து, கட்டடத்தின் மேல் கைகூட வைக்காமல் வெளியே வருகிறது. உங்கள் கொழுந்தனாரிடம் இப்படிச் சொல்லுங்கள்: பந்தலுக்குள் மாடு புகுந்து போனாலும் கால் எதிலும் படவில்லை என்றால் பந்தல் நிற்கும்.

தூக்கம் பற்றிக் கேட்டீர்கள். அது இரும்புச் சக்கரம் இல்லை, ரப்பர் டயர். சுமார் 85 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒற்றைக் காங்கிரீட் பீம்மேல் பெட்டி குதிரையேறி உட்கார்ந்திருக்கும். மேலே ஓடும் டயர்கள் எடையைத் தாங்கும், பக்கவாட்டில் சின்ன டயர்கள் பீமை இரண்டு புறமும் பிடித்துக்கொள்ளும். மழை பெய்த தார்ரோட்டில் பஸ் போனால் ஒரு ‘ஷ்ஷ்’ வருமே, ஏறக்குறைய அந்தச் சத்தம்தான். கீழே ஆற்றங்கரைச் சாலையில் லாரிகள் போடும் இரைச்சல் அதைவிட அதிகம்.

ஏற்றத்துக்கும் ரப்பர்தான் காரணம். இரும்புத் தண்டவாளத்தில் ஓடும் சாதாரண இரும்புச் சக்கரத்துக்கு நூறு மீட்டருக்கு மூன்று, நான்கு மீட்டருக்கு மேல் ஏறுவது சிரமம், வழுக்கும். ரப்பர் காங்கிரீட்டைக் கவ்வும், நூற்றுக்கு 6 மீட்டர் ஏறும். 100 மீட்டர் ஆரமுள்ள வளைவில்கூடத் திரும்பும். லிசிபாவிலிருந்து கிளம்பினால் அடுத்த நிலையம் போதுகுவான். நடுவே செம ஏற்றம். நின்றுகொண்டு வந்தால் உடம்பு தானாகப் பின்னால் சாயும், கையில் காய்கறிப் பையோடு வரும் பாட்டிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரு காலைப் பின்னால் ஊன்றுவார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் நானும் ஒரு மாதத்தில் ஊன்ற ஆரம்பித்துவிட்டேன். பிப்ரவரி, மார்ச்சில் அந்தச் சரிவு முழுக்கப் பூத்துக் கிடக்கும், ரயில் பூவுக்குள்ளேயே போகும். வலது பக்கம் உட்கார்ந்தால் ஜியாலிங் ஆறு தெரியும். நகருக்குள்ளிருந்து வெளியே போகும்போதுதான் வலது பக்கம், திரும்பி வரும்போது மாற்றி உட்கார வேண்டும்.

தொழில்நுட்பம் ஜப்பானுடையது. ஹிட்டாச்சியிடம் வாங்கி, பெட்டிகளை சாங்சுன் தொழிற்சாலையில் கட்டினார்கள், பணத்திலும் ஒரு பங்கு ஜப்பான் கடன். பிறகு 2011-இல் மூன்றாம் எண் வழித்தடத்தையும் மோனோரயிலாகவே திறந்தார்கள். தெற்கிலிருந்து கிளம்பி, யாங்சியை ஒரு பாலத்தின் கீழ்த்தட்டில் கடந்து, ஜியாலிங்கையும் கடந்து, வடக்கே விமான நிலையம் வரை போகும். கிளையையும் சேர்த்தால் 67 கிலோமீட்டர் சொச்சம். உலகத்திலேயே நீளமான மோனோரயில் என்று பெயர் வாங்கியது. நான் தினமும் போனது அதில்தான். அழகெல்லாம் இரண்டாம் எண்ணில், அவஸ்தையெல்லாம் மூன்றாம் எண்ணில். இரண்டும் சந்திக்கும் நிலையத்தின் பெயருக்கு மாட்டுக்கொம்பு வளைவு என்று அர்த்தம். காலை எட்டு மணிக்கு அங்கே ஏற வேண்டுமானால் தைப்பூசத்துக்குப் பழனி பஸ்ஸில் ஏறிய பழக்கம் இருக்க வேண்டும். 6 பெட்டி வண்டிகள் போதாமல் 8 பெட்டி வண்டிகளை இறக்கினார்கள். அப்படியும் நான் ஒரு காலை ஊன்ற இடம் கிடைத்தால் போதும் என்றுதான் நின்றிருக்கிறேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த இரண்டோடு மோனோரயிலை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் வந்த வழித்தடங்கள் எல்லாம் சாதாரண இரும்புச் சக்கர மெட்ரோதான். மலை ஏற்றத்துக்கென்று வலுக்கூட்டிய பெட்டிகள், ஆழமான சுரங்கங்கள். நம்ம ஊரில் வாட்ஸ்அப்பில் மோனோரயிலைப் பார்த்து வாய் பிளக்கிறோம், அவர்கள் ‘கூட்டத்துக்கு இது பத்தாது’ என்று எப்போதோ அடுத்ததற்குப் போய்விட்டார்கள்.

நம்ம மலைக்கு வருமா என்ற கேள்விக்கு என் பதில் வேறு மாதிரி. அங்கே நான் பொறாமைப்பட்டது ரயிலைப் பார்த்து அல்ல அக்கா, படியைப் பார்த்து. அதை நாளை எழுதுகிறேன், இப்போது ஷிப்ட்.

163_படி:

தம்பி, ரொம்ப நன்றி. இதை அப்படியே கொழுந்தனாரிடம் படித்துக் காட்டினேன். மாடு, பந்தல் வரும் இடத்தில் கொஞ்சம் அசைந்தார். "தூணு தனியா இருந்தா சரி" என்றார். வர்க்கி பற்றிப் பேச்சில்லை. படியைப் பற்றி மறக்காமல் எழுதுங்கள்.

பழைய_பிரேக்ஸ்மேன்:

நான் நீலகிரி மலை ரயிலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பேரன் இந்தப் பக்கத்தைக் காட்டினான். எழுத்துப் பிழை இருந்தால் அவனைத் திட்டவும், அவன்தான் தட்டச்சு செய்கிறான்.

அம்மா கேட்ட பல்சக்கரம் விஷயத்துக்கு வருகிறேன். நம்ம ரயிலில் கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும்தான் பல்சட்டம். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் இரட்டைச் சட்டம், பல் மாற்றி மாற்றி அமைத்தது. ஒரு பல் பிடி விடும்போது அடுத்த பல் பிடித்திருக்கும். ஏற்றம் 12.28 அடி போனால் ஓர் அடி. சீனாக்காரனுடைய நூற்றுக்கு 6 என்பது பதினாறு பதினேழு அடிக்கு ஓர் அடி. அதாவது நம்ம 1899-ஆம் வருஷத்துப் பாதை அவனுடையதைவிடச் செங்குத்து. இதைச் சத்தம்போட்டுச் சொல்லிக்கொள்ளலாம், தப்பில்லை. 1908-இல் ஊட்டி வரைக்கும் நீட்டினார்கள், அங்கே பல் தேவைப்படவில்லை.

அவன் ரயில் திறந்தது 2005 ஜூன் என்று தம்பி எழுதியிருந்தார். அடுத்த மாதம், ஜூலையில்தான் நமக்கு யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் என்ற அந்தஸ்து கிடைத்தது. அன்றைக்கு ஸ்டேஷனில் இனிப்பு கொடுத்தார்கள். ஒரே கோடையில் அங்கே ஒரு மலை ரயில் வேலைக்குக் கிளம்பியிருக்கிறது, இங்கே ஒரு மலை ரயிலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறோம். தப்பு என்று சொல்லவில்லை. என் வண்டிமேல் யாரும் கைவைத்தால் எனக்கும் கோபம் வரும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். கல்லாறிலிருந்து குன்னூர் சுமார் 1300 மீட்டர் ஏற்றம். நூற்றுக்கு 6 வைத்தாலும் 22 கிலோமீட்டரில் ஏறிவிடலாம். நம்ம பல்சட்டப் பாதையே கிட்டத்தட்ட 19 கிலோமீட்டர். ஆக, காகிதத்தில் ஏறிவிடும். பிரச்சினை இறங்குவதில்தான். எந்த மலை வண்டிக்காரனைக் கேட்டாலும் ஏறுவதைப் பற்றிப் பேச மாட்டான், இறங்குவதைப் பற்றித்தான் பேசுவான். எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம் இருக்கும். மேலே போகும்போது தள்ளும், கீழே வரும்போது தாங்கும். அது போக ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன். எஞ்சின் விசிலைக் கேட்டு நாங்கள் கைப்பிடியைச் சுற்றுவோம். முழுக்கப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும், பிடிக்காவிட்டால் வேகம் கூடும். அந்த நடு இடம் உள்ளங்கைக்குத்தான் தெரியும். ரிடையர் ஆகி இத்தனை வருஷம் ஆகியும் பஸ்ஸில் பர்லியாறு இறக்கத்தில் வலது கை தானாக மூடிக்கொள்கிறது, பக்கத்தில் இருப்பவர் என்னவோ ஏதோ என்று பார்ப்பார்.

சோங்சிங்கில் நிலையத்துக்கு நிலையம் ஓர் ஏற்றம், அப்புறம் சமதளம், அப்புறம் ஓர் இறக்கம். 22 கிலோமீட்டர் ஒரே மூச்சாக ரப்பர் டயரில், நவம்பர் மழையில் இறங்குவது வேறு வேலை. நான் அதில் ஏற மாட்டேன்.

செம்மண்:

ஐயா சொன்ன இறக்கத்தோடு மண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் சிவில். சுரங்க வேலை பார்க்கிறேன், வீடு அருவங்காடு.

சோங்சிங்கின் அடியில் இருப்பது மணற்பாறையும் களிமண்பாறையும், அடுக்கடுக்காக. குடைவதற்கு ஓரளவு வசதியான பாறை. அதனால்தான் அவர்களால் அவ்வளவு ஆழம் போக முடிகிறது. 2022 தொடக்கத்தில் திறந்த ஒன்பதாம் எண் வழித்தடத்தில் ஹொங்யான்சுன் என்ற நிலையம் 116 மீட்டர் ஆழம். குதுப்மினாரை உள்ளே இறக்கி நிறுத்தினாலும் மேலே 40 மீட்டருக்கும் மேல் இடம் மிச்சமிருக்கும். நம்ம பக்கம் அடியில் சார்னகைட், இரும்பு மாதிரிப் பாறை. ஆனால் அதன்மேல் பல இடங்களில் மிகத் தடிமனாகச் சிதைந்த செம்மண் போர்வை. தண்ணீர் ஊறினால் அந்தப் போர்வை அப்படியே நழுவும். 2009 நவம்பர் மழையில் நம்ம மலை சரிந்து என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். வரிசையாகத் தூண் நட வேண்டுமானால் ஒவ்வொன்றையும் அந்தப் போர்வையைத் தாண்டிப் பாறைவரை இறக்க வேண்டும். முடியாதது இல்லை, ஆனால் யாருக்காக?

2011 கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டம் முழுக்கச் சேர்த்து 7,35,394 பேர். சோங்சிங்கில் மாட்டுக்கொம்பு வளைவில் தம்பியின் காலை மிதித்த கூட்டம் இங்கே மே மாதம் மட்டும்தான் வரும், அதுவும் காரில். அதற்குத்தான் வெளியூர் வண்டிகள் முன்கூட்டியே பதிவு செய்து வாங்கும் இ-பாஸ் வந்திருக்கிறது. மும்பையில் 2014-இல் மோனோரயில் திறந்தார்கள், நாட்டிலேயே ஜனநெருக்கடியான ஊரில் ஆள் ஏறவில்லை, போக வேண்டிய இடத்துக்கு அது போகாததால். சென்னைக்கும் 2011-இல் பெரிய மோனோரயில் திட்டம் அறிவித்தார்கள், ஒரு தூண்கூட நடவில்லை, மெட்ரோதான் வந்தது.

இன்னொன்று, லிசிபா மாதிரி 19 மாடி இங்கே கனவிலும் நடக்காது. மாஸ்டர் பிளான் விதிப்படி கட்டடம் 7 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. ரயில் நுழைய ஓட்டை போட்டால் வீட்டில் மிச்சம் எதுவும் இருக்காது.

மலைவிட்டு_மலை:

சொன்ன மாதிரி படிக்கு வருகிறேன்.

மலை நகரத்தில் ரயில் பாதி வேலைதான் செய்யும். அது சரிவில் ஏதாவது ஓர் உயரத்தில் நிற்கும், உங்கள் வீடு அதற்கு ஐம்பது மீட்டர் மேலேயோ கீழேயோ இருக்கும். அந்த ஐம்பது மீட்டரை யார் கடத்திவிடுவது? சோங்சிங்கில் முன்பெல்லாம் அதற்கு ஆட்கள் இருந்தார்கள். ‘பாங்பாங்’ என்பார்கள், தோளில் ஒரு மூங்கில் கழி, இரண்டு முனையிலும் கயிறு. மூட்டை, பிரிட்ஜ், கல்யாணச் சீர், எதுவானாலும் அந்தக் கழியில் தொங்கிப் படியேறும். நான் இருந்தபோதே அவர்கள் குறைந்துபோய், வயதானவர்கள் மட்டும் மிச்சம். ஒருநாள் மழையில் ஒருவர் இரண்டு அட்டைப்பெட்டிகளோடு ஏறிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு படியிலும் காலை வைப்பதற்கு முன் செருப்பு நுனியால் லேசாகத் தேய்த்துப் பார்த்தார். உங்கள் மாமியார் சொன்ன பாசி, அதே பாசிதான் அக்கா. அன்று படித்ததும் அவர்தான் ஞாபகம் வந்தார்.

ஆனால் ஊர் அவர்களோடு நிற்கவில்லை. மோனோரயில் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே, 1986-இல், மேல் ஊருக்கும் கீழ் ஊருக்கும் நடுவில் ஒரு பொது லிப்ட் வைத்துவிட்டார்கள். யாருடைய கட்டடத்துக்கும் சொந்தமான லிப்ட் இல்லை, தெருவுக்குச் சொந்தமானது. நான் இருந்தபோது ஒரு யுவான் கொடுத்தால் ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குப் போகலாம். நம்ம பத்து ரூபாய் மாதிரி. 1996-இல் ரயில் நிலையத்திலிருந்து மேலே லியாங்லுகோவுக்கு 112 மீட்டர் நீள எஸ்கலேட்டர், இரண்டு யுவான். அதில் முதல் தடவை ஏறியபோது மேல்முனை தெரியவில்லை. எனக்கு முன்னால் ஒரு கிழவர், பக்கத்தில் கோழிக்கூடை. கைப்பிடியில் முழங்கையை ஊன்றி ஒரு தூக்கமே போட்டுவிட்டு, சரியாக மேலே வந்ததும் கண்விழித்துக் கூடையை எடுத்துக்கொண்டு போனார். யாங்சியைக் கடக்க 1987 முதல் ஒரு ரோப் கார் உண்டு. இப்போது சுற்றுலாப் பயணிகள் கூட்டம்தான், ஆனால் கட்டியது ஊர்க்காரர்கள் வேலைக்குப் போய்வர.

கட்டடங்களே படி வேலை செய்யும். ஒரு பக்கம் ரோட்டு மட்டத்தில் நுழைவீர்கள், லிப்டில் பத்து மாடி இறங்கி மறுபக்கம் வந்தால் அங்கேயும் ரோடு. நம்ம குன்னூரில்கூட மேல் ரோட்டில் நுழைந்தால் மொட்டைமாடி, கீழ் ரோட்டில் நுழைந்தால் கடை என்று வீடுகள் இருக்கின்றனவே, அதே வித்தைதான். வித்தியாசம் என்னவென்றால், அங்கே அந்த வழி பொதுவழி.

2017 டிசம்பர் கடைசியில் பத்தாம் எண் வழித்தடம் திறந்தபோது ஹொங்துதி என்ற நிலையத்தைப் பார்க்கவென்றே போனேன். 94 மீட்டர் ஆழம். எஸ்கலேட்டர் முடிந்தால் இன்னொரு எஸ்கலேட்டர், அது முடிந்தால் இன்னொன்று. பெயருக்கு அர்த்தம் தெரியுமா, செம்மண் பூமி. செம்மண் சாருக்கு இது சமர்ப்பணம்.

ஆக, கேள்வியை மாற்றிக் கேட்கலாம் என்பது என் அபிப்பிராயம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மோனோரயில் வருமா என்று கேட்டால் வராது. 163 படிக்கு ஏதாவது வருமா என்று கேட்டால் பேச இடமிருக்கிறது.

செம்மண்:

செம்மண் பூமியா! அதை மட்டும் சொல்லியிருந்தால் போதும், முழுக் கட்டுரையும் வேண்டாம்.

படி விஷயத்தில் உங்களோடு சேர்ந்துகொள்கிறேன். இதற்குச் சீனா வரை போக வேண்டியதில்லை, பழனிக்குப் போனால் போதும். முருகன் கோயிலுக்கு 1960-களிலிருந்து விஞ்ச் ஓடுகிறது. தண்டவாளத்தில் பெட்டி, மேலே இழுக்கும் கயிறு, ஒன்று ஏறினால் ஒன்று இறங்கும். 2004-இல் ரோப் காரும் வந்தது. பாட்டிகளை மலையேற்றும் வித்தை நம்மிடம் எப்போதோ இருக்கிறது, சாமியிடம் போக மட்டும் வைத்திருக்கிறோம், வீட்டுக்குப் போக வைக்கவில்லை.

ஆனால் அக்கா, உடனே ஆசைப்படாதீர்கள். விஞ்ச் வைத்தால் இயக்க ஆள், பராமரிப்பு, கயிறு மாற்றுவது என்று ஓயாத செலவு. பழனியில் வருஷா வருஷம் பராமரிப்புக்கு நிறுத்துகிறார்கள், பார்த்திருப்பீர்கள். நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். படியின் இரண்டு பக்கமும் கைப்பிடிக் குழாய். ஒவ்வொரு இருபது படிக்கும் ஒரு திண்ணை, நாற்காலியை இறக்கிவைக்கிற அளவுக்கு. படிக்குக் குறுக்கே வழியும் தண்ணீரை ஓரத்துக்குத் திருப்ப ஒரு சின்ன வாய்க்கால். பாசி வருவதே அந்தத் தண்ணீரால்தான். வாய்க்கால் வந்தால் பாசியும் போகும், படிக்குக் கீழே மண்ணும் கரையாது.

பழைய_பிரேக்ஸ்மேன்:

கைப்பிடி உருட்டுக் குழாயாக இருக்கட்டும். பட்டையாக வைத்தால் குளிரில் கை பிடிக்காது. வைக்கும்போது இறங்குகிறவருக்கு வலக்கைப் பக்கம் முதலில் வையுங்கள். ஏறுகிறவர் எப்படியும் ஏறிவிடுவார்.

163_படி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை நானும் மகளும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினோம். தண்ணீர் குறுக்கே வழிகிற இடம் மூன்று: 41, 88, 120. மாமியாரிடம் சரிபார்த்தேன். "நூத்தி நாப்பதுலயும் உண்டு, மழைக்கு மட்டும்" என்றார். போய்ப் பார்த்தால் உண்டு. திண்ணைக்கு இடமிருக்கிறது, 88-இல் ஏற்கெனவே ஒரு பழைய கல் கிடக்கிறது. போன வருஷம் நாற்காலியை இறக்கிவைத்தது அங்கேதான்.

நகராட்சிக்கு மனு எழுதிவிட்டேன். எங்கள் வரிசையில் பதினேழு வீடு, பதினான்கு கையெழுத்து ஆகிவிட்டது. செம்மண் சார், வாய்க்கால் எவ்வளவு அகலம் என்று எழுத வேண்டுமா, அதை அவர்களே பார்த்துக்கொள்வார்களா?

கொழுந்தனார் ஞாயிற்றுக்கிழமை வந்தார். வர்க்கி முக்கால் கிலோதான் இருந்தது. கேட்டதற்கு, தூண் தனி என்பதை வீடியோவில் காட்டவில்லை, அதனால் கால் கிலோ கழிவு என்கிறார். படி ஏறி வந்த மூச்சிரைப்பு அடங்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவரிடமும் கையெழுத்து வாங்கியாயிற்று.